ராத்திரி முழுக்கக் கத்திய மீன் தொட்டி

அலங்கார மீன் வளர்க்கும் வீட்டுக்குள் நுழைந்தால் மீன் கண்ணில் படுவதற்கு முன்பே தண்ணீர்ச் சத்தம் காதில் விழும். காற்று விடும் மோட்டாரின் முனகல் நாலு நாளில் பழகிவிடும். ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் அப்படியல்ல. கொடகொடவென்று ஆரம்பித்து, சர்ரென்று உறிஞ்சி, ஒரு நொடி நின்று, மறுபடி கொடகொடவென்று வரும். எப்போது நிற்கும், எப்போது வரும் என்று தெரியாததால் தூங்குகிறவர் மனசு அதையே எண்ணிக்கொண்டு கிடக்கும்.

திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இந்தச் சத்தம் ஒரு குடும்பத்தையே இரண்டாக்கப் பார்த்தது. இரண்டு ஏக்கர் நெல், கொஞ்சம் வேர்க்கடலை, இரண்டு கறவை மாடு. வருமானம் போதாமல் கொல்லையில் நாலு சிமென்ட் தொட்டி கட்டி மோலியும் கப்பியும் விட்டார் வீட்டுக்காரர். விற்பனைக்குக் கவலையில்லை, சென்னை கொளத்தூர் அலங்கார மீனுக்குப் பெயர்போன இடம், அங்கிருந்து வியாபாரிகள் வந்து எடுத்துப்போனார்கள். ஏஞ்சல் மீனுக்கு விலை கூடுதல் என்று தெரிந்ததும், தாய்மீன்களைத் தேர்ந்தெடுத்து வைக்க வீட்டுக்குள் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தார். ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும் தொட்டி. விதைநெல் மூட்டை அடுக்கும் அறையில்தான் அதற்கு இடம் கிடைத்தது. அந்த அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் திண்ணை. திண்ணையில் அவருடைய அம்மா படுப்பார்.

தொட்டியின் அமைப்பைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். மேல்தொட்டியின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு. அதன் மேல்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வெட்டு. தண்ணீர் அந்தப் பல் வழியாகத் தடுப்புக்குள் விழுந்து, அங்கே நிற்கும் ஒரு இன்ச் குழாய் வழியாக அடியில் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். கீழ்த்தொட்டியில் பஞ்சும் கல்லும் தண்ணீரைச் சுத்தம் செய்யும். அங்கே மூழ்கிக் கிடக்கும் மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். நல்ல ஏற்பாடுதான். தினம் தண்ணீர் மாற்றும் வேலை மிச்சம்.

ஆனால் முதல் ராத்திரியிலிருந்தே அம்மாவுக்குத் தூக்கம் போனது. வயது எழுபதுக்கு மேல். முப்பது வருஷமாக அந்தத் திண்ணையிலேயே படுத்து, மாடு முக்கினாலும், மும்முனை மின்சாரம் வந்து கிணற்று மோட்டார் ஓடினாலும் முதலில் எழுந்து மகனை எழுப்பியவர் அவர்தான். இப்போது சுவருக்குப் பின்னால் ஓயாத கொடகொட. ஒரு ராத்திரி பசு கன்று போட்டதுகூடக் கேட்கவில்லை. விடிந்து பார்த்தபோது கன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது. பிழைத்தது என்று வையுங்கள்.

மகன் முதலில் உள்ளூர்ப் பிளம்பரைக் கூப்பிட்டார். "பைப்பு பத்தலண்ணே. ஒண்ணரை இன்ச் போட்டா அடங்கிடும்" என்றார் அவர். பெரிய குழாய் போட்டார்கள். சத்தமும் பெரிதாகிவிட்டது. நேரே நிற்கும் திறந்த குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு காற்றையும் சேர்த்து இழுக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மறுவாரம் ஒரு ராத்திரி, மாமியார் திண்ணையில் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மருமகள் ஒரு பழைய துணியைச் சுருட்டிக் குழாயின் வாயில் அடைத்துவிட்டார். "அத்தை, இப்ப படுங்க" என்றார். சத்தம் நின்றது. எல்லோரும் தூங்கினார்கள். கீழே இருந்த மோட்டார் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. மேல்தொட்டி நிரம்பி, நூறு லிட்டருக்கு மேல் தரையில் வழிந்து, கீழ்த்தொட்டி வற்றி, வெறுமனே ஓடி மோட்டார் எரிந்தது. தண்ணீர் சுற்றாமல் காற்றில்லாமல் போனதில் நல்ல தாய்மீன் மூன்று செத்து மிதந்தன. அதைவிடப் பெரிய அடி, விதைநெல்லில் கீழ் வரிசை மூட்டை இரண்டு நனைந்தது.

விடிந்ததும் வீட்டில் பேச்சு முற்றியது. மருமகளை யாரும் திட்டவில்லை, அதுவே அவருக்குத் திட்டினதைவிட உறுத்தியது. அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "ஏண்டா, பேசாம என்னைப் பெரியவ வீட்டுல கொண்டுபோய் உட்டுடு. மீனு வருமானம் உனக்கு வேணும். எனக்கு எங்க படுத்தா என்ன?" பெரியவள் என்றால் மூத்த மகள், அரக்கோணம் பக்கம் கட்டிக்கொடுத்தவர். மகன் பதில் சொல்லவில்லை. தொட்டியை விற்றுவிடுவதென்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டு, கொளத்தூர் வியாபாரிக்குப் போன் போட்டார்.

விற்கவிடாமல் நிறுத்தியது அந்த வியாபாரி சொன்ன யோசனையும், அம்மா சொன்ன ஒரு வார்த்தையும்.

அம்மாவின் கணவர் அந்த ஊர் ஏரியில் மடை திறந்துவிடும் வேலை பார்த்தவர். கஞ்சி கொண்டுபோன நாளெல்லாம் மதகைப் பார்த்தவர் அம்மா. எரிந்த மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த மகனிடம் சொன்னார்: "ஏரியில தண்ணி நெறைய நிக்கிறப்ப மதகு கத்தாதுடா. தண்ணி கொறைஞ்சு மேல சுழி விழுந்தா அப்பதான் காத்தை உறிஞ்சிக்கிட்டுக் கத்தும். உன் பைப்பு எந்நேரமும் தண்ணி கொறைஞ்ச மதகாட்டம் நிக்குது."

விஷயம் முழுக்க இதுதான். குழாயின் வாய் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திறந்திருந்தால் தண்ணீரும் காற்றும் ஒரே வாசலில் முட்டி மோதிக்கொண்டு உள்ளே போகும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் குடக்குடக்கென்று விட்டு விட்டு ஊற்றும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சத்தமில்லாமல் ஒழுகும். காற்றுக்கு ஒரு வழி, எண்ணெய்க்கு ஒரு வழி. அதையே குழாயிலும் செய்யலாம். அல்லது காற்றே இல்லாமல் குழாய் முழுக்கத் தண்ணீராக இறங்கச் செய்யலாம். டியூப் போட்டு டீசல் உறிஞ்சி இறக்குகிறோமே, டியூப் நிறைந்து ஓட ஆரம்பித்த பிறகு அது சத்தம் போடுவதில்லை.

வியாபாரி சொன்னது முதல் வழி. அமெரிக்காவில் கடல்மீன் தொட்டி வைத்திருந்த ரிச்சர்ட் டர்சோ என்பவரின் பெயரால் அதை 'டர்சோ குழாய்' என்கிறார்கள். பெயர்தான் புதிது, சாமான் எல்லாம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைப்பது. தொட்டியின் அடியில் உள்ள ஒரு இன்ச் டேங்க் நிப்பிளின் மேல் ரெடியூசர் வைத்து, நிற்கும் குழாயை ஒன்றேகால் இன்ச்சாக மாற்ற வேண்டும். அதன் உச்சியில் ஒரு 'டீ'. டீயின் பக்கவாயில் ஒரு எல்போ, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி. டீயின் மேல்வாயில் எண்ட் கேப். அதில் சின்ன ஓட்டை. இப்போது தண்ணீர் மேல்மட்டத்துக்குக் கீழே உள்ள எல்போவின் வாய் வழியாக உள்ளே போகும், காற்று கேப்பில் உள்ள ஓட்டை வழியாகத் தனியாக வரும்.

ஓட்டையின் அளவில்தான் சூட்சுமம். ஓட்டையே இல்லாவிட்டால் குழாய் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சித் தடுப்பைக் காலி செய்து, காற்றை இழுத்து அறுந்து, மறுபடி நிறையும்வரை நிற்கும். கக்கூஸில் ஃபிளஷ் செய்கிற மாதிரி சில நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கும். ஓட்டை பெரிதானால் பழைய கொடகொட திரும்பிவிடும். மூன்று மில்லிமீட்டர் துரப்பணத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பெரிதாக்கின ஓட்டையைச் சிறிதாக்க முடியாது என்பதால் வீட்டுக்காரர் வேறு வழி பிடித்தார். சொட்டுநீர்க் குழாயில் மிச்சம் இருந்த மைக்ரோ டியூபை ஓட்டையில் இறுக்கமாகச் செருகி, அதன் நுனியில் மீன் கடையில் விற்கும் சின்னக் காற்று வால்வை மாட்டினார். அதைத் திருகித் திருகியே காற்றைக் கூட்டிக் குறைத்தார். டியூபின் நுனி எப்போதும் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும்; முங்கிவிட்டால் ஓட்டை இல்லாத கேப் கதைதான்.

மேலே உள்ள இந்தப் பாகங்களுக்குச் சால்வென்ட் சிமென்ட் போட வேண்டியதில்லை. தொட்டிக்குள்ளேயே இருப்பதால் கசிந்தாலும் நஷ்டமில்லை, கழற்றிச் சுத்தம் செய்யவும் வசதி. தொட்டிக்குக் கீழே உள்ள இணைப்புகளுக்கு மட்டும் ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, தண்ணீர் விட்டு அலசிய பிறகே மீன் இருக்கும் தண்ணீரை ஓட்ட வேண்டும்.

கையோடு கையாக இன்னும் இரண்டு சத்தத்தையும் பார்த்தார். தடுப்பின் பல்லிலிருந்து உள்ளே தண்ணீர் ஒரு அடி ஆழத்துக்கு அருவியாக விழுந்துகொண்டிருந்தது. நிற்கும் குழாயை உயர்த்தியதும் தடுப்புக்குள் தண்ணீர் ஏறி நின்று, விழும் உயரம் ஒரு இன்ச்சாகக் குறைந்தது. கீழ்த்தொட்டியில் குழாயின் நுனி தண்ணீருக்கு மேலே தொங்கிச் சலசலத்தது. அதை நீட்டித் தண்ணீருக்குள் ஒரு இன்ச் மட்டும் முங்கவிட்டார். நிறைய முங்கவிட்டால் நல்லது என்று தோன்றும், தோன்றுவது தப்பு. ஆழமாக முங்கினால் குழாயில் சிக்கிய காற்று வெளியே வர முடியாமல் மேல்தொட்டியின் நீர்மட்டத்தை ஏற்றிவிடும்.

அன்று ராத்திரி அம்மா சொன்ன தீர்ப்பு: "கொடகொட இல்ல. ஆனா தூறல் போடற மாதிரி ஒரு சத்தம் கெடக்குது." தூங்கினார், ஆனால் விட்டு விட்டுத்தான்.

காரணம் தண்ணீரின் அளவு. மோட்டாரின் அட்டையில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருந்தது. அந்த எண் தண்ணீரை மேலே ஏற்றாமல் அப்படியே விட்டால் வரும் அளவு. போர்வெல் தண்ணீரை அளக்கிற மாதிரி வாளி வைத்துப் பார்த்தார்; 15 லிட்டர் வாளி 30 விநாடியில் நிறைந்தது. மணிக்கு 1,800 லிட்டர். காற்றும் தண்ணீரும் சேர்ந்து இறங்கும் ஒரு இன்ச் குழாய்க்கு இது கொஞ்சம் அதிகம். சின்னத் தொட்டியும் சின்ன மோட்டாரும் வைத்திருப்பவர்களுக்கு டர்சோ குழாயே போதும். இவருக்குப் போதவில்லை.

அதனால் இரண்டாவது வழிக்கு, காற்றில்லாமல் இறக்கும் வழிக்குப் போனார். இதற்கு இரண்டு குழாய் கட்டாயம். ஒன்று எப்போதும் தண்ணீர் நிறைந்து இறங்கும் முக்கியக் குழாய், இன்னொன்று ஆபத்துக் குழாய். தடுப்புக்குள் இரண்டாவது ஓட்டை ஏற்கெனவே இருந்தது, மோட்டார் தண்ணீர் மேலே ஏறி வரும் முக்கால் இன்ச் ஓட்டை. அந்த ஏற்றக் குழாயைத் தொட்டியின் விளிம்புக்கு மேலாகச் சுற்றி வரவிட்டதும் ஓட்டை காலியானது. கண்ணாடியில் புதிதாகத் துளை போடும் வேலை இல்லாமல் போனது.

முக்கியக் குழாயின் வாயைத் தடுப்பின் பல்லுக்கு அரை அடி கீழே வைத்தார். அதன் அடிப்பக்கம், கீழ்த்தொட்டிக்கு மேலே, ஒரு கேட் வால்வு. ஆபத்துக் குழாயின் வாய் பல்லுக்கு ஒன்றரை இன்ச் கீழே. அதில் வால்வு கிடையாது, மூடி கிடையாது, வலை கிடையாது. மோட்டாரை ஓடவிட்டு வால்வை மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் தடுப்புக்குள் தண்ணீர் ஏறி முக்கியக் குழாயின் வாயை நன்றாக முக்கிவிடும். சுழி மறையும். காற்று போவது நிற்கும். சத்தமும் நிற்கும். தண்ணீர் ஆபத்துக் குழாயின் வாயை ஒட்டி நிற்கும் அளவில் வால்வை விட்டுவிட வேண்டும். நிறைந்து இறங்கும் ஒரு இன்ச் குழாய், காற்றோடு இறங்கும் அதே குழாயைவிட மூன்று நாலு மடங்கு தண்ணீரைத் தள்ளும். அதனால்தான் வால்வு வைத்து அதை அடக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் கிடந்த பால் வால்வைத்தான் முதலில் மாட்டினார். மயிரிழை திருப்பினால் தண்ணீர் ஒரு சாண் ஏறியது, இறங்கியது. நூல் பிடித்த மாதிரி நிறுத்த கேட் வால்வுதான் சரி. பிளாஸ்டிக்கில் கிடைத்தால் வாங்க வேண்டும். பித்தளையில் செம்பு இருப்பதால் மீன் தொட்டிக்குத் தவிர்ப்பது நல்லது.

ஒரே ஒரு குழாய் உள்ள தொட்டியில் அந்தக் குழாய்க்கே வால்வு போட்டுச் சத்தத்தை அடக்கச் சிலர் பார்ப்பார்கள். அது துணியை அடைத்ததற்குச் சமம். ஒரு பாசித்துண்டு வந்து வால்வில் மாட்டினால் போதும், வீடு மிதக்கும். இரண்டாவது குழாய் இல்லாமல் வால்வில் கை வைக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் அவர் செய்த சோதனைகளைத்தான் மெச்ச வேண்டும். எல்லோரும் விழித்திருக்கும் பகல் நேரத்தில் கேட் வால்வை முழுக்க மூடினார். தண்ணீர் ஏறி ஆபத்துக் குழாயில் பெருத்த சத்தத்தோடு இறங்கியது. ஆனால் மேல்தொட்டி வழியவில்லை. முக்கால் இன்ச் குழாய் தனியாகவே 1,800 லிட்டரையும் தாங்கியது. தாங்காவிட்டால் சின்ன மோட்டார்தான் வழி. அடுத்து மின்சாரத்தை நிறுத்தினார். பல்லுக்கு மேலே நின்ற ஒரு இன்ச் தண்ணீர் கீழே இறங்கியது. ஆறடிக்கு இரண்டடித் தொட்டியில் ஒரு இன்ச் என்பது 28 லிட்டர். குழாயிலும் தடுப்பிலும் இருப்பது தனி. கீழ்த்தொட்டியில் 50 லிட்டருக்காவது இடம் காலியாக இருக்கும்படி கோடு போட்டு, அதற்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்தார். ஏற்றக் குழாயின் வாய் தண்ணீரில் முங்கியிருந்ததால் மின்சாரம் நின்றதும் அது தலைகீழாகத் தண்ணீரை உறிஞ்சி இறக்கப் பார்த்தது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட்டதும், மட்டம் அதற்குக் கீழே இறங்கும்போது காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்தது. அந்த ஓட்டையில் பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிட வேண்டும்.

கடைசியாக மின்சாரத்தைப் போட்டார். ஒரு நிமிஷம் போல இரைச்சல், குழாயிலிருந்த காற்று குமிழ்களாக வெளியேறியது, பிறகு தானாகவே அடங்கியது. கிராமத்துக்கு இந்தச் சோதனை ரொம்ப முக்கியம். ராத்திரி மூன்று முறை கரண்ட் போய் வரும் ஊரில், ஒவ்வொரு முறையும் ஆள் எழுந்து வால்வைத் திருக முடியாது.

எரிந்த மோட்டாருக்குப் பதில் வாங்கிய புது மோட்டாரைத் தவிர்த்தால், குழாய் வேலைக்கு 1,000 ரூபாய்க்குள்தான் ஆனது. கேட் வால்வுதான் அதில் பெரிய செலவு. விதைநெல் நட்டம் தனிக்கணக்கு. இப்போது மூட்டைகள் பலகை போட்டு ஒரு அடி உயரத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன, முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

அரக்கோணம் போகும் பேச்சை அம்மா மறுபடி எடுக்கவில்லை. மகனும் கேட்கவில்லை. மருமகள் மட்டும் இரண்டொரு நாள் காலையில், "அத்தை, தூங்குனீங்களா?" என்று கேட்டார். "ம்" என்றார் அம்மா.

ஆபத்துக் குழாயின் கீழ்நுனியை மட்டும் வீட்டுக்காரர் வேண்டுமென்றே தண்ணீருக்கு மேலே, அரை அடி உயரத்தில் விட்டிருந்தார். சாதாரணமாக அதில் தண்ணீர் வராது. வந்தால் கீழ்த்தொட்டியில் சளசளவென்று விழுந்து சத்தம் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி அது கேட்டது. திண்ணையில் படுத்திருந்த அம்மாதான் முதலில் எழுந்தார். "டேய், உன் ரெண்டாவது பைப்பு கத்துது பாரு" என்று மகனை எழுப்பினார். டார்ச் அடித்துப் பார்த்தால், வால்வில் ஒரு நத்தை மாட்டிக்கொண்டிருந்தது. வால்வை முழுக்கத் திறந்ததும் நத்தை கீழ்த்தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. எத்தனை சுற்று என்று எண்ணி வைத்திருந்ததால் இரண்டு நிமிஷத்தில் பழைய அளவுக்கே மூடிவிட்டுப் படுத்தார்கள். மறுநாள் முக்கியக் குழாயின் வாய்க்குச் சல்லடை மூடி ஒன்று வாங்கிப் போட்டார். அதை வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தேய்ப்பது மருமகளின் வேலை. மாதம் ஒருமுறை வால்வை முழுக்கத் திறந்து அழுக்கை இறக்கிவிட்டு மூடுவது மகனின் வேலை.